உருளும் வீடும் உடைந்த துண்டும்

பழுதான பொருளைக் கண்டால் அதை எறிந்துவிட்டுப் புதியதை நாடுவது பலருடைய இயல்பு. நானும் நெடுங்காலம் அவ்வியல்பு உடையவனாகவே இருந்தேன். அமெரிக்க நாட்டின் மிச்சிகன் மாநிலத்தில் நான் வாழ்ந்தபோது, அண்டை வீட்டு முதியவர் ஒருவரும் அவருடைய பழைய வண்டியும் எனக்கு வேறொரு பாடத்தைக் கற்பித்தனர். அப்பாடத்தைக் கற்கும்போது நான் செய்த பிழையையும் மறைக்காமல் இங்கே கூறுகிறேன்.

அவ்வண்டி சாதாரண மோட்டார் வண்டி அன்று. உறங்குவதற்குப் படுக்கை, சமைப்பதற்கு அடுப்பு, உணவைக் கெடாமல் வைக்கக் குளிர்பெட்டி, நீராடச் சிறு அறை ஆகிய அனைத்தையும் தன்னுள் கொண்ட உருளும் வீடு அது. இத்தகைய ஊர்தியை அந்நாட்டார் 'மோட்டார் ஹோம்' என்பர். கோடை விடுமுறையில் குடும்பத்தோடு அதில் ஏறி, ஏரிக்கரைகளிலும் காடுகளிலும் தங்கித் தங்கிச் செல்வதில் அவர்களுக்குப் பெரு விருப்பம். முதியவருடைய வண்டி ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஜி.எம்.சி. பிரிவு செய்தது, 26 அடி நீளம் உடையது. 1973 முதல் 1978 வரையில் மட்டுமே அவ்வகை வண்டிகள் செய்யப்பட்டன. அவற்றின் மொத்த எண்ணிக்கை ஏறத்தாழ 13,000.

அதன் அமைப்பு வியப்புக்குரியது. அக்காலத்துப் பெரிய வண்டிகள் பலவற்றில் எஞ்சினின் ஆற்றல் நீண்ட தண்டு ஒன்றின் வழியாகப் பின்சக்கரங்களுக்குச் செல்லும். இவ்வண்டியிலோ எஞ்சின் முன்சக்கரங்களையே இயக்கியது. ஆகவே தளத்தின் அடியில் நீண்ட தண்டு இல்லை. பின்சக்கரங்களை இணைக்கும் குறுக்கு அச்சும் இல்லை. அதனால் தளத்தைத் தாழ்வாக அமைக்க முடிந்தது. பின்புறத்தில் பக்கத்திற்கு இரண்டு சக்கரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். அவ்விரண்டிற்கும் இடையே காற்றடைத்த ரப்பர்ப் பை ஒன்று, இரும்பு வில்லுக்குப் பதிலாகப் பாதையின் அதிர்ச்சியைத் தாங்கும். மேற்கூடு அலுமினியத்தாலும் கண்ணாடியிழையாலும் ஆனது. எனவே, இரும்புக் கூடுடைய வண்டிகள் பல துருவேறி அழிந்த பின்னரும், இவ்வண்டிகள் பல இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஆனால், வண்டி நிலைத்தால் மட்டும் போதுமா? தேயும் உறுப்புகளுக்கு மாற்று உறுப்புகள் வேண்டாவா? செய்தவர்கள் செய்வதை நிறுத்திப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. எஞ்சினைப் பற்றி அத்துணைக் கவலை இல்லை. அது ஓல்ட்ஸ்மொபில் டொரனாடோ என்னும் காரில் இருந்த எஞ்சினே ஆகும். அக்காருக்கு உரிய உறுப்பு இவ்வண்டிக்கும் பொருந்தும். தண்ணீர்க் குழாய், விளக்கு, அடுப்பு போன்றவற்றுக்கும் ஒத்த அளவில் வேறு கிடைக்கும். இவ்வண்டிக்கென்றே செய்த சிறு உறுப்புகளே தேடுவோரை வருத்துவன. சன்னல் சட்டமும் கதவுப் பூட்டும் எந்தக் கடையிலும் எளிதில் கிடைப்பன அல்ல.

முதியவர் ஓர் ஆலையில் கடைசல் வேலை செய்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமைதோறும் நான் அவருக்கு உதவியாகச் செல்வேன். வண்டிக்கு முதலில் வண்ணம் பூசவேண்டும் என்று நான் கருதினேன். அவரோ எரிபொருள் செல்லும் ரப்பர்க் குழாய்களையே முதலில் மாற்றினார். இக்காலப் பெட்ரோலில் எத்தனால் கலந்துள்ளது. பழைய ரப்பர் அதைத் தாங்காது. குழாய் வெடித்துச் சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் சிந்தினால் வண்டி முழுவதும் எரிந்துபோகும். அழகு பிறகு, உயிர் முதலில் என்பது அவர் கொள்கை.

அவ்வாண்டின் கோடையில் அவர் ஒரு பயணத்திற்கு ஆயத்தமானார். வடக்கே, தொலைவில் உள்ள சிற்றூரில் அவர் மனைவியின் அக்காள் இருந்தார். அவ்வம்மையாரின் எண்பதாம் பிறந்தநாள் நெருங்கியது. முதியவரின் மனைவிக்கோ முதுகு நோய். காரில் நெடுநேரம் அமர்ந்து செல்ல அவரால் இயலாது. படுத்துக்கொண்டு செல்லக்கூடிய இவ்வண்டி ஒன்றே வழி.

பயணத்திற்குப் பத்து நாட்கள் இருந்தபோது வண்டியின் கதவு தாழிடாமல் திறந்து திறந்து ஆடியது. முதியவர் பூட்டைக் கழற்றினார். விரல் நீளமுள்ள சிறு நெம்புகோல் ஒன்று உள்ளே முறிந்திருந்தது. கைப்பிடியின் அசைவைத் தாழ்நாக்குக்குக் கொண்டு செல்வது அதன் வேலை. அவர் இரு துண்டுகளையும் பழைய தகரப் பெட்டி ஒன்றில் இட்டுப் பட்டறையின் மூலையில் வைத்தார்.

மறுநாள் அவர் வெளியே சென்றிருந்தார். பட்டறையைத் தூய்மை செய்து அவரை மகிழ்விக்க எண்ணினேன். தகரப் பெட்டியைத் திறந்தேன். முறிந்த இரும்புத் துண்டுகள் கிடந்தன. அவற்றைக் குப்பையில் கொட்டிவிட்டுப் புதிய திருகாணிகளை அதில் நிரப்பினேன். குப்பை வண்டி வந்து அனைத்தையும் கொண்டு சென்றது.

முதியவர் திரும்பி வந்து பெட்டியைத் திறந்தார். நிகழ்ந்ததைக் கூறினேன். அவர் சினக்கவில்லை. சிறிது நேரம் திருகாணிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உடைந்த துண்டுதான் நமக்கு அளவுகோல். அதைப் பார்த்துத்தானே புதியதைச் செய்யவேண்டும்?" என்றார்.

என் பிழையின் அளவு அப்போதுதான் எனக்கு விளங்கியது. கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டு செல்லலாமே என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். "இவ்வண்டிக்கு வாயில் அது ஒன்றே. தீப்பற்றினால் நோயாளி ஒருத்தியை எவ்வழியாக இறக்குவது?" என்று கேட்டார். நான் வாய் அடைத்து நின்றேன்.

தேடத் தொடங்கினோம். பழைய வண்டிகளை உடைத்து விற்கும் களம் ஒன்றில் இவ்வகை வண்டி கிடப்பதாக அறிந்து, விடியுமுன் புறப்பட்டுச் சென்றோம். வண்டி இருந்தது, கதவை எவரோ முன்னரே வாங்கிச் சென்றுவிட்டனர். இவ்வண்டிகளை உடையவர்கள் தமக்குள் சங்கங்கள் அமைத்து ஒருவருக்கொருவர் உதவுவது வழக்கம். முதியவர் பலரிடம் தொலைபேசியில் கேட்டார். ஒகையோ மாநிலத்தில் இருந்த ஒருவர், தம்மிடம் மிகையான உறுப்பு இல்லை என்றும், வேறு வகையில் உதவுவதாகவும் கூறினார்.

அதற்குள் பிறந்தநாள் வந்துவிட்டது. அன்று மாலை முதியவரின் மனைவி அக்காளுடன் தொலைபேசியில் பேசியதைக் கேட்டேன். "கதவு ஒன்று சரியாக வேண்டும். சரியானதும் வந்துவிடுகிறோம்" என்றார். யாரால் தடைப்பட்டது என்பதை அவர் சொல்லவே இல்லை. அவர் கடிந்திருந்தால்கூட என் மனம் அத்துணை வருந்தியிராது.

நான்கு நாட்களில் ஒகையோவிலிருந்து ஓர் உறை வந்தது. அந்த நண்பர் பழுதில்லாத தம் வண்டியின் பூட்டைக் கழற்றி, நெம்புகோலைத் தாளின்மேல் வைத்து வரைந்து, தகட்டின் தடிப்பையும் துளைகளின் விட்டத்தையும் நுட்பமாக அளந்து குறித்திருந்தார். முகம் அறியாத ஒருவருக்காக அவர் தம் ஓய்வு நாளைச் செலவிட்டிருந்தார்.

முதியவர் அவ்வரைபடத்தைப் பார்த்து முதலில் அட்டையில் ஒரு வடிவம் வெட்டிப் பூட்டில் பொருத்திப் பார்த்தார். பின்னர் மெல்லிரும்பில் ஒன்று செய்தார். அது சில முறை திறந்து மூடியதும் வளைந்துவிட்டது. மூன்றாவதாக எஃகுத் தகட்டை அறுத்து, துளையிட்டு, அரத்தால் அராவினார். அரம் பிடிக்கும் வேலையை என்னிடமே தந்தார். என் கையில் கொப்புளம் எழுந்தது. அன்று மாலை கதவைச் சாத்தியபோது தாழ் விழுந்த ஓசை எனக்கு இன்னிசையாக ஒலித்தது.

இரண்டு வாரம் தாழ்ந்து அவர்கள் புறப்பட்டனர். 1957-இல் திறக்கப்பட்ட, ஐந்து மைல் நீளமுள்ள மாக்கினா பாலத்தைக் கடந்து வடக்கே சென்று சேர்ந்தனர். திரும்பி வந்தபின் ஒரு நிழற்படத்தைக் காட்டினர். வண்டியின் வாயிற்படியில் சகோதரியர் இருவரும் தோளோடு தோள் சேர்த்து அமர்ந்திருந்தனர். அவர்களுக்குப் பின்னே அக்கதவு தெரிந்தது.

முதியவர் அந்நெம்புகோலில் மேலும் ஐந்து செய்துவைத்தார். ஒன்று ஒகையோவுக்குச் சென்றது. மற்றவை, கேட்போருக்கென்று வரைபடத்தின் படிகளோடு அதே தகரப் பெட்டியில் காத்திருந்தன. பெட்டியின் மேல் உள்ளிருப்பது இன்னது என்று எழுதி ஒட்டும் பணியை நானே கேட்டுப் பெற்றேன்.

ஆலை மூடிய பின்னும் ஒரு பொறி வாழ்வது உறுப்புகளால் மட்டும் அன்று. அளவைக் காப்பவரும், அறிந்ததை மறைக்காமல் பிறருக்கு வழங்குபவரும் இருப்பதனாலேயே அது வாழ்கிறது. இன்றும் என் வீட்டில் ஒரு பொருள் உடைந்தால் அதன் துண்டுகளை ஒரு பெட்டியில் இட்டுப் பெயர் எழுதி வைக்கிறேன். புதியது வந்து பொருந்தும் வரையில் பழையதை எறிவதில்லை.