யார் சொன்னால் மறைக்கலாம்?

யூஸ்நெட் என்றால் இன்றைக்குப் பலருக்குத் தெரியாது. 1979-ல் அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் ட்ரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் யோசித்து, 1980-ல் ஓடத் தொடங்கிய விவாதக் குழுக்களின் வலை அது. ஒரு சர்வரில் போட்ட செய்தி அடுத்த சர்வருக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு என்று ஊர் சுற்றும். நடுவில் முதலாளி யாரும் கிடையாது. அதன் அழகே அதுதான், தலைவலியும் அதுதான்.

போட்ட செய்தியைத் திரும்பப் பெற 'கேன்சல்' என்றொரு கட்டளைச் செய்தி உண்டு. எழுதியவரோ அவருடைய சர்வர் நிர்வாகியோ மட்டும்தான் அனுப்பலாம் என்பது 1987-ல் எழுதிவைத்த விதி. சர்வர் அதை எப்படிச் சோதிக்கும்? இரண்டு செய்திகளிலும் அனுப்பியவர் பெயர் ஒன்றுதானா என்று பார்க்கும். அவ்வளவுதான்! அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் தட்டச்சு செய்யலாமே. பூட்டைப் போட்டுவிட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்ட கதை.

1994 ஏப்ரலில் கேன்டர், சீகல் என்ற அரிசோனா வக்கீல் தம்பதி கிரீன் கார்டு விளம்பரத்தை 5,000-க்கும் மேற்பட்ட குழுக்களில் கொட்டினார்கள். அந்தக் காலத்தில்தான் அந்த ஓட்டைக்கு ஒரு நல்ல உபயோகம் கிடைத்தது. 'கேன்சல்மூஸ்' என்ற புனைபெயர்க்காரர் ஒருவர் ஸ்பாமை எல்லாம் போலி கேன்சல் அனுப்பி அழிக்க ஆரம்பித்தார். எது ஸ்பாம் என்பதற்கு ப்ரைட்பார்ட் குறியீடு என்று ஒரு கணக்கும் வந்தது. ஒவ்வொரு பிரதியும் எத்தனை குழுக்களுக்குப் போனதோ அதன் வர்க்கமூலத்தைக் கூட்ட வேண்டும். 45 நாளுக்குள் 20-ஐத் தாண்டினால் அழிக்கலாம். 25 குழுக்களுக்கு ஒரே தடவையில் சேர்த்துப் போட்டால் 5தான். தனித்தனியாகப் போட்டால் 25. செய்தியில் என்ன எழுதியிருக்கிறது என்பது கணக்கிலேயே வராது. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் ஓட்டை எல்லாருக்கும் பொது ஆயிற்றே! 1996 செப்டம்பரில் யாரோ ஒருவர் ஆயிரக்கணக்கான சாதாரணச் செய்திகளை இதே வழியில் அழித்துத் தள்ளினார்.

இதற்குக் கேன்சல்மூஸே கண்டுபிடித்த மாற்றுதான் நோசீயம். பெயர் ஒரு சிலேடை: 'அவற்றைப் பார்க்காதே' என்றும் படிக்கலாம், கண்ணுக்குத் தெரியாமல் கடிக்கும் குட்டிப் பூச்சி என்றும் படிக்கலாம். இது எதையும் அழிக்காது. "இந்த எண்ணுள்ள செய்திகள் ஸ்பாம், மறைத்துவிடலாம்" என்று பட்டியல் போட்டு, பிஜிபி கையெழுத்துடன் ஒரு சாதாரணச் செய்தியாகவே வரும். கேட்பதும் கேட்காததும் படிப்பவர் இஷ்டம்.

ஈமாக்ஸுக்குள் ஓடும் க்னஸ் என்ற செய்தி வாசிப்பான் இதை அழகாகச் செய்தது. முதலில் பட்டியல் போட்டவர் பெயர் நம் அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால்தான் அடுத்த வேலை: நம் கணினியில் உள்ள சாவிக்கொத்தில் அவருடைய பொதுச் சாவியை எடுத்து, கையெழுத்தைச் சரிபார்க்கும். பட்டியலில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் கையெழுத்து பொருந்தாது. பொருந்தினால் அந்தச் செய்தி எண்களைக் குறித்து வைத்துக்கொண்டு, குழுவுக்குள் நுழையும்போது அவற்றைக் காட்டாது. குறிப்புகள் 15 நாள் கழித்துக் காலாவதி.

அந்தக் காலக் கணினிகளில் சரிபார்ப்பு ஆமை வேகம். அதனால் சரிபார்ப்பையே நிறுத்திவிடவும் க்னஸில் ஒரு வழி இருந்தது. இது ஆபத்தாகலாம் என்று கையேடும் ஒரு வரி சொல்லிவைத்தது. ஆகலாமாவது! நிறுத்திவிட்டால் நம்பகமானவர் பெயரைப் போட்டு எவரும் பட்டியல் அனுப்பலாம். பிடிக்காத ஆளின் எழுத்து உங்கள் திரையிலிருந்து சத்தமில்லாமல் காணாமல் போகும். போனது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. வேகத்துக்காகப் பழைய ஓட்டையைக் காசில்லாமல் வீட்டுக்குள் வாங்கிவைத்த மாதிரி.

சரிபார்த்தாலும் இன்னொரு சிக்கல். கையெழுத்து சொல்வது 'இவர்தான் எழுதினார்' என்று மட்டும். அவர் நேர்மையாக எழுதினாரா என்று சாவிக்குத் தெரியாது. அதற்கு மறைத்த செய்திகளை அவ்வப்போது திறந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அப்புறம், அந்தச் சாவி முதன்முதலில் எங்கிருந்து வந்தது? யார் பெயரில் யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய அதே யூஸ்நெட்டிலிருந்து எடுத்திருந்தால், அதன் கைரேகை எண்ணை வேறு ஏதாவது வழியில் கேட்டு ஒப்பிட வேண்டும். எத்தனை பேர் பொறுமையாக ஒப்பிட்டிருப்பார்கள்?

க்னஸிலிருந்து நோசீயம் பின்னாளில் நீக்கப்பட்டது. 2024 பிப்ரவரி 22 முதல் கூகுள் குரூப்ஸும் யூஸ்நெட்டின் புதுச் செய்திகளை வாங்குவதை நிறுத்திவிட்டது. பழையவை இன்னும் தேடினால் கிடைக்கும், கிரீன் கார்டு காலத்துச் சண்டைகள் உட்பட.