முகப்புக்கு மட்டும் கூலி

டைட்டன் கடிகாரமும் டி.வி.எஸ். வண்டியும் அசோக் லேலண்ட் லாரியும் உருவாகும் ஓசூரில், மைக்ரான் கணக்கில் அளந்து பழகியவர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களில் ஒருவர் புதுவீட்டு வாஷ் பேசினுக்குக் கீழே தேக்கு அலமாரி கேட்டால், ஆசாரி முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: இரும்பு சூட்டுக்கு விரியும், மரம் ஈரத்துக்கு விரியும். அதுவும் நீளவாக்கில் அல்ல, அகலவாக்கில். ஓரடி அகலத் தேக்குப் பலகை ஈரப்பதத்துக்கு ஏற்ப ஒரு நூல் வரை கூடிக் குறையலாம்.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 50 கிலோமீட்டர் இறங்கினால் கிருஷ்ணகிரி வெயில். அங்கே கோடையில் இறுக்கமாகச் செய்த கதவை ஓசூரின் மழைக்காலக் குளியலறையில் மாட்டினால் பிடித்துக்கொள்ளும். விவரமறிந்த ஆசாரி அதனால்தான் சுற்றுச் சட்டங்களை மட்டும் பசைபோட்டு இறுக்கி, நடுப்பலகையைக் காடிக்குள் பசையில்லாமல் விடுகிறார். விரிவதற்கு அதற்கு இடம் வேண்டும்.

உள்பெட்டிக்கு மரைன் பிளைவுட். ஐ.எஸ். 710 தரத்துப் பலகையின் பசை, 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் விடக்கூடாது. அறுத்த ஓரத்தைப் பார்த்தால் அடுக்குகளுக்கு நடுவே ஃபீனால் பசை கரும்பழுப்புக் கோடாக ஓடும். சாதா கமர்ஷியல் பிளையின் யூரியா பசை வெளிறித் தெரியும். நிறத்தை மட்டும் நம்பாமல் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் பார்ப்பது நல்லது.

பசை தாங்கினாலும் மரம் தண்ணீர் குடிக்கும். அறுத்த ஓரத்தில்தான் அது வேகமாகக் குடிக்கிறது. தண்ணீர்க் குழாய்க்காகப் பின்பலகையில் போட்ட துளை, தரையைப் பார்த்த அடிவிளிம்பு, கீல் உட்காரும் குழி எல்லாமே அறுத்த ஓரங்கள். பெட்டியைக் கோர்ப்பதற்கு முன்பே இவற்றில் சீலர் அடித்து, காய்ந்ததும் உப்புத்தாள் தேய்த்து, இன்னொரு கோட் ஏற்ற வேண்டும். கோர்த்துவிட்டால் பிரஷ் எட்டாது. பலகையின் ஒரு முகத்தில் மைக்கா ஒட்டினால் மறுமுகத்திலும் ஒட்ட வேண்டும். இல்லையென்றால் இரண்டு பக்கமும் ஈரம் ஒரே மாதிரி ஏறாமல் பலகை வளைந்துவிடும்.

இந்தப் பக்கத்துக்கே உரிய இன்னொரு சோதனை, போர்வெல் தண்ணீர். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்ததால் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே கொண்டுவரப்பட்டது. 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஆனால் குளியலறையில் பல வீடுகளில் இன்னும் போர்வெல் நீர்தான். அந்த நீர் விட்டுப்போகும் உப்புக்கறை போக டைல்ஸில் ஆசிட் ஊற்றுகிறார்கள். அதன் ஆவி மூடிய அறைக்குள் சுற்றி, முலாம் பூசிய இரும்புக் கீலை அரிக்கிறது. 304 தரத்து ஸ்டெயின்லெஸ் கீலைக்கூட விட்டுவைப்பதில்லை. பி.யூ. பாலிஷ் எவ்வளவு பளபளத்தாலும் கீல் துருப்பிடித்தால் கதவு தொங்கிப்போகும்.

இத்தனைக்கும் கூலிக் கணக்கு எப்படி இருக்கிறது? அலமாரியின் முகப்பை அளந்து சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி முடிப்பதே பரவலான வழக்கம். அடிவிளிம்புக்கும் பின்பலகைக்கும் குழாய்த் துளைக்கும் செலவாகும் நேரம் அந்தக் கணக்கில் வராது. அவசரத்தில் முதலில் விட்டுப்போவதும் அவைதான். அதனால் வீடு கட்டுகிறவர்கள் எஸ்டிமேட்டில் ஓரங்களுக்கு இரண்டு கோட் சீலர் என்பதைத் தனி வரியாக, தனித் தொகையோடு எழுதி வாங்கலாம். அந்தத் தொகையில் ஆசாரியிடம் பேரம் பேச வேண்டாம். பெட்டியைச் சுவரில் மாட்டுவதற்கு முன்னால் தலைகீழாகத் திருப்பி வைத்து, அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.