வெராந்தாவில் உட்கார்ந்து பாருங்கள்

கதை எழுதும் பிள்ளைகள் என்னிடம் படிக்கக் கொடுக்கும் பிரதிகளில் ஆஸ்பத்திரிக் காட்சி இல்லாதது அபூர்வம். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் சிவப்பு விளக்கு எரியும். மானிட்டரில் கோடு நேராகும். டாக்டர் இஸ்திரிப் பெட்டி மாதிரி இரண்டு கருவிகளை நெஞ்சில் வைப்பார். உடம்பு துள்ளும், உயிர் திரும்பும். எல்லாம் சினிமா பார்த்து எழுதியது.

கோடு நேராகிவிட்டால் ஷாக் கொடுத்துப் பயனில்லை. இதயத்தின் கீழறைகள் தாறுமாறாகத் துடிக்கும் நேரத்துக்குத்தான் அந்தக் கருவி. கோடு நேரானபின் செய்வது, கையால் நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ.க்குக் குறையாமல் அழுத்துவது. கூடவே அட்ரினலின் ஊசி. விலா எலும்பு முறிவதும் உண்டு. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவார்கள், அவ்வளவு களைப்பு. அந்த வியர்வையை எழுதிப் பாருங்கள், துள்ளலே தேவைப்படாது.

ரத்தம் கொடுக்கும் காட்சியும் அப்படித்தான். பக்கத்துக் கட்டிலில் படுத்த அம்மாவிடமிருந்து மகனுக்கு நேரே குழாய் போகாது. எடுத்த ரத்தத்தை எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா என்று சோதித்து, நோயாளியின் ரத்தத்தோடு சேருமா என்றும் பார்த்த பிறகுதான் ஏற்றுவார்கள். சீட்டையும் சாம்பிளையும் எடுத்துக்கொண்டு ரத்த வங்கிக்கு ஓடுகிறவன் மைத்துனனாக இருப்பான். "எனக்குச் சுகர் இருக்கு" என்று ஒதுங்குகிற சித்தப்பா ஒருவரும் இருப்பார். குடும்பத்தின் வண்டவாளம் தெரிவது அங்கேதான்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு, வாசகனுக்கா தெரியப்போகிறது என்று கேட்பவர்களுக்கு அகதா கிறிஸ்டியைக் காட்டுவேன். முதல் உலகப் போரின்போது டார்க்கீ ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸாகவும், பிறகு மருந்தகத்திலும் வேலை பார்த்தவர். விஷங்களை அவர் கற்றது அங்கே. 1961-இல் வந்த 'தி பேல் ஹார்ஸ்' நாவலில் தாலியம் என்ற விஷத்தையும், அதனால் முடி கொட்டுவதையும் எழுதினார். 1977-இல் கத்தாரிலிருந்து லண்டன் ஹேமர்ஸ்மித் ஆஸ்பத்திரிக்கு ஒரு குழந்தையைக் கொண்டுவந்தார்கள். என்ன நோய் என்று டாக்டர்களுக்குப் பிடிபடவில்லை. அந்த நாவலைப் படித்துக்கொண்டிருந்த ஒரு நர்ஸ், தாலியமாக இருக்குமோ என்றார். சோதித்தார்கள், அதுவேதான். குழந்தை தேறியது. கிறிஸ்டி இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

சரி, யாரிடம் கேட்பது? டாக்டரிடம் போய் "மாரடைப்பு பற்றிச் சொல்லுங்கள்" என்றால் பாடப் புத்தகம்தான் கிடைக்கும். காட்சியை எழுதி எடுத்துப் போய், "இதில் எது நடக்காது?" என்று கேளுங்கள். பத்து நிமிடத்தில் சிவப்பு மையால் கிழித்துக் கொடுப்பார். நைட் ட்யூட்டி நர்ஸுக்கும் வார்டு அட்டெண்டருக்கும் அதைவிட அதிகம் தெரியும். அவர்களை யாரும் கேட்பதில்லை.

பெரிய ஆஸ்பத்திரி வெராந்தாவில் ஒரு பகல் உட்கார்ந்தாலும் போதும். விபத்து, தீக்காயம், விஷம் என்று யார் வந்தாலும் ட்யூட்டி டாக்டர் முதலில் கேட்பது என்ன நடந்தது, கூட்டிவந்தது யார் என்றுதான். அது பதிவேட்டில் ஏறும், போலீசுக்குத் தகவல் போகும். தீக்காயத்தோடு வந்த மருமகளைக் காட்டி "ஸ்டவ் வெடிச்சிருச்சு" என்று மாமியார் சொல்லுவாள். பிறகு மாஜிஸ்திரேட் வருவார். பெண் தெளிவாகப் பேசும் நிலையில் இருக்கிறாள் என்று டாக்டர் சான்று எழுதியதும், உறவினர்களை வெளியே அனுப்பிவிட்டு மரண வாக்குமூலம் வாங்குவார். புருஷனைக் காட்டிக்கொடுத்தால் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்று அவள் யோசிக்கிற அந்த ஒரு நிமிடத்தில் ஒரு நாவலே இருக்கிறது. அதை விட்டுவிட்டு மானிட்டரின் பெயரைத் தேடுகிறார்கள்.

ஒன்று மட்டும். போட்டோ எடுக்காதீர்கள், கேஸ் ஷீட்டை எட்டிப் பார்க்காதீர்கள். யாராவது மனம்விட்டுச் சொன்ன கதையை ஊர், உறவு, நோய் மாற்றாமல் அப்படியே எழுதிவிடாதீர்கள். அவர்கள் ஊரிலும் பத்திரிகை வாங்குகிறார்கள்.