புழுதி விதைப்பு

பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசலில் மக்காச்சோளம் பெரும்பாலும் மானாவாரிதான். புரட்டாசியில் விதை மண்ணுக்குள் போய்விட வேண்டும். ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் கொல்லையில் கால் வைக்க முடியாது, அப்படி ஒட்டும். மழைக்கு முந்தி காய்ந்த புழுதியிலேயே போட்டுவிடலாமா, ஒரு மழை பார்த்துவிட்டுப் போடலாமா? வருசா வருசம் எங்கள் வீட்டில் இதுதான் வழக்கு.

அப்பா புழுதி விதைப்புக் கட்சி. அப்பாயி விடமாட்டாள். "தூத்தல் போட்டுட்டு ஓடிப்போச்சுன்னா என்னடா பண்ணுவ? பாதி மொளச்சுக் கருகிப்போயிடும்." நியாயம்தான். நாட்டுச் சோளமென்றால் குதிரிலிருந்து இன்னும் நாலு படி அள்ளி விதைத்துக்கொள்ளலாம். வீரிய ஒட்டு மக்காச்சோளத்தில் அது நடக்காது. விளைந்ததையே திரும்ப விதைத்தால் மகசூல் சரிந்துவிடும். பட்டத்துக்குப் பட்டம் கடை விதைதான். மருந்து தோய்ந்த அந்தச் சிவப்பு விதையை மிஞ்சினால் கோழிக்குக்கூடப் போட முடியாது.

பச்சைமலைப் பக்கம் மின்னினால் அப்பா எழுந்து வாசலுக்குப் போவார். அப்பாயி படுத்தபடியே "அது வெறும் மின்னல்" என்பாள். அம்மா எந்தக் கட்சியிலும் இல்லை. ஏருக்குப் பின்னால் குனிந்து, சாலில் சாணுக்கொரு விதை போட்டுக் காலால் மூடப்போகிறவள் அவள்தான். அவளை மட்டும் யாரும் கேட்டதில்லை. விதைத்த கொல்லையில் மயில் விரட்டுவது என் வேலை. அன்றைக்கெல்லாம் வானத்தில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது.

சென்னையில் மழை வந்தால் மாடிக்கு ஓடித் துணி எடுக்கிறேன். அதோடு முடிந்தது. ஊரில் இப்போது டிராக்டரில் கருவி பூட்டி விதைக்கிறார்கள். 2018-இல் படைப்புழு வந்ததிலிருந்து தம்பி பேசுவதெல்லாம் மருந்துச் செலவுதான். மழை எப்படிடா என்றால் செல்போனைப் பார்த்துச் சதவீதம் சொல்கிறான். எனக்கு அது வேண்டாம். யார் என்ன சொன்னார்கள், யார் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தார்கள், அதைச் சொல்ல வேண்டும்.

அப்பாயி போய்ச் சேர்ந்த பிறகு வந்த புரட்டாசியில் கேட்டேன்: "புழுதியிலயா போட்டீங்க?"

"எங்கக்கா? அப்பா விதை மூட்டையைத் தூக்கிட்டாரு. அம்மா மறிச்சுக்கிட்டு நின்னுடுச்சு."