கொழுந்து மலைகளூடாக ஒரு நடை

வெள்ளவத்தையில் காலை ஐந்தரை மணிக்கு மரைன் டிரைவ் பக்கம் போனால் நடக்கும் பெண்களைக் காணலாம். சீனி வருத்தத்திற்காக நடப்போர், முழங்கால் நோவுக்காக நடப்போர், வைத்தியர் ஏசியதற்காக நடப்போர் எனப் பலர். ஆனால் ஓர் ஊரைப் பார்ப்பதற்காக, அந்த ஊர் மனிதரோடு பேசுவதற்காக நடப்பது எம் பெண்களிடையே இன்னும் பழக்கமாகவில்லை. சுற்றுலா என்றால் வான் ஒன்றைப் பிடித்து நுவரெலியா போவோம். பூங்காவில் படம் எடுப்போம், சாப்பாட்டுப் பார்சலைப் பிரிப்போம், இரவோடு இரவாகத் திரும்பி விடுவோம்.

எனது உறவினர் ஒருவர் பாரிஸில் லா ஷப்பல் பகுதியில் வசிக்கின்றார். விடுமுறை நாட்களில் பிரான்ஸின் கிராமப்புறங்களில் நடக்கப் போவதாகச் சொல்லிப் படங்கள் அனுப்புவார். பழைய கல்வீடுகள், நீர்வீழ்ச்சிகள், மரங்களில் வெள்ளையும் சிவப்புமாக இரு கோடுகள். அக்கோடுகளைப் பின்பற்றினால் வழி தவறாதாம். 1947ஆம் ஆண்டு தொடங்கிய ஏற்பாடு இன்று நாடு முழுவதும் பல்லாயிரம் கிலோமீற்றருக்கு நீண்டுள்ளது. "உங்களுக்கு இப்படி ஒன்றும் இல்லையா?" என்று அவர் கேட்டார். இருக்கின்றது சகோதரிகளே! எமது மலையகத்திலேயே இருக்கின்றது.

அதற்குப் பெக்கோ நடைபாதை என்று பெயர். பெக்கோ என்பது தேயிலைத் தரங்களில் ஒன்றின் பெயர் என்பது வாசகிகள் அறிந்ததே. கண்டி ஹந்தானையில் தொடங்கி கலஹா, பூண்டுலோயா, வட்டகொடை, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை, ஹப்புத்தளை, எல்ல எனச் சுற்றி நுவரெலியாவில் முடிகின்றது. 22 பகுதிகள், 300 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம். இதனை முன்னின்று உருவாக்கியவர் மிகேல் குனாட் என்னும் ஸ்பானியர். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க உதவி நிறுவனமும் நிதி வழங்கின. முழுவதையும் ஒரே மூச்சில் நடக்க வேண்டியதில்லை. ஒரு பகுதி அநேகமாக ஒரு நாள் நடை. எமக்கு வசதியானதைத் தெரிந்துகொள்ளலாம்.

2024 பெப்ரவரியில் நாங்கள் நால்வர் புறப்பட்டோம். கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாதியும் ஒரு தையற்கார அக்காவும், வெள்ளவத்தையிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியையும் நானும். புறப்படுமுன் எல்லா வீட்டிலும் ஒரே கேள்விதான்: "நாலு பொம்பிளையள் தனியவோ?" நால்வர் சேர்ந்து போவது எப்படித் தனியே போவதாகும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அறுபதைத் தாண்டிய ஆசிரியைதான் எம்மெல்லோரிலும் வேகமாக நடந்தார் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

ஹந்தானையில் 1925ஆம் ஆண்டுத் தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடம் இப்போது தேயிலை நூதனசாலையாக இருக்கின்றது. பழைய உருளை இயந்திரங்களைப் பார்த்துவிட்டு நடக்கத் தொடங்கினோம். மானாப்புல் வெளி, பைன் மரங்கள், பிறகு தேயிலை. வெயில் ஏற முன்னரே மலைமுகட்டை அடைந்துவிட வேண்டும் என்று தாதி அவசரப்படுத்தினார். தோட்டங்களுக்குள் இறங்கியதும் ஒன்றை அவதானித்தேன். இந்த நடைபாதையின் பெரும்பகுதி புதிதாக வெட்டியதல்ல. தோட்ட வண்டிப் பாதைகளும், லயத்திலிருந்து மலைக்கும் மலையிலிருந்து கொழுந்து நிறுக்கும் மடுவத்திற்கும் பெண்கள் கூடையோடு ஏறி இறங்கிய குறுக்குகளுமே இன்று உல்லாசப் பயணிகளின் பாதையாகி இருக்கின்றன. நாங்கள் சப்பாத்தும் ஊன்றுகோலுமாக மூச்சிரைக்க ஏறிய இடத்தில் ஓர் அம்மா செருப்புக்கூட இல்லாமல் தலையில் கூடையுடன் எம்மை முந்திப் போனார்.

தேநீர் வேளையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் சிலரோடு அமர்ந்தோம். "மிஸ் எங்கயிருந்து?" என்றார் ஒருவர். வெள்ளவத்தை என்றேன். அவர் முகம் மாறியது. "எங்க புள்ளகூட வெள்ளவத்தையிலதான் வேல செய்யுது. தீவாளிக்கு வந்துச்சு. பொங்கலுக்கு அனுப்பல்ல மிஸ்." எந்த ஒழுங்கை என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. "கடல் தெரியிற வீடாம், ஏழாவது மாடியாம்" என்றார். மகளுக்கு வயது பத்தொன்பது. மூன்று ஆண்டுகளாக அங்கேதான் இருக்கின்றாளாம்.

சமூகப் பணியாளராக இந்தப் பிள்ளைகளை நான் மறுபக்கத்திலிருந்தே அறிவேன். எமது அடுக்குமாடிகளின் மின்தூக்கியில் சந்தைப் பையோடு நிற்கும் பிள்ளைகள் அவர்கள். நான் பழகியவர்களுள் நியமனக் கடிதமோ, ஊழியர் சேமலாப நிதியோ, வாரத்தில் ஒரு நாள் ஓய்வோ உள்ளவர் மிகக் குறைவு. வேலைக்கமர்த்தக்கூடிய குறைந்த வயது 2021இல்தான் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி, கொழும்பில் தான் வேலை செய்த வீட்டில் தீக்காயங்களுக்கு உள்ளாகி வைத்தியசாலையில் இறந்தாள். நாடே பேசியது. இந்த நடைபாதை டயகமவையும் தொட்டே செல்கின்றது.

அந்த அம்மாவிடம் எனது தொலைபேசி இலக்கத்தை எழுதிக் கொடுத்தேன். மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசினாள். இப்போது மாதத்தில் இரண்டு ஞாயிறு விடுமுறை கிடைக்கின்றது. வீட்டுக்காரரோடு மூன்று தடவை பேச வேண்டியிருந்தது.

கலஹாவில் இரவு தங்கி மறுநாள் லூல்கந்துர நோக்கி நடந்தோம். ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொட்லாந்துக்காரர் 1867ஆம் ஆண்டு 19 ஏக்கரில் இலங்கையின் முதல் வர்த்தகத் தேயிலையைப் பயிரிட்ட தோட்டம் இது. இரண்டு ஆண்டுகளில் கோப்பிச் செடிகளை இலைநோய் தாக்கத் தொடங்கியது. கோப்பி அழிய, தேயிலை மலைகளைப் பிடித்துக்கொண்டது. டெய்லர் அமர்ந்து பார்த்ததாகச் சொல்லப்படும் கல்லிருக்கையும் அவரது குடிசையின் எச்சங்களும் அங்குள்ளன. அவர் 1892இல் இறந்தபோது இருபத்து நான்கு பேர் முறை மாற்றிக் கண்டிவரை உடலைத் தோளில் சுமந்தார்களாம். அவரது கல்லறை மகியாவையில் இருக்கின்றது. நாம் சுமையின்றி இரண்டு நாளில் நடந்து களைத்த மலைகளைப் பார்த்தபடி அந்த இருபத்து நான்கு பேரையே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர்களுடைய பாட்டன் பூட்டனும் நடந்தே வந்தவர்கள்தான். தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிகளின் பின்னே வந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்தார்கள். நீரின்றியும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டவர் ஏராளம். இருநூறாண்டு நிறைவை நினைவுகூர்ந்து 2023 ஜூலை 28இல் தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபவனி புறப்பட்டு ஆகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தது. அப்பாதைக்கும் இப்படியொரு கவனம் கிடைத்தால் நான் முதலாவதாகப் போய் நிற்பேன்.

நீர்வீழ்ச்சிகளைப் பற்றி எழுதாவிட்டால் ஆசிரியை கோபிப்பார். அவற்றுக்காகவே 2025 மார்ச்சில் பூண்டுலோயா, வட்டகொடைப் பக்கம் மறுபடி போனோம். பூண்டுலோயாவில் டன்சினன் நீர்வீழ்ச்சி. ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்தில் வரும் மலையின் பெயரைத் தோட்டத்துரை ஒருவர் இங்கே கொண்டுவந்து வைத்திருக்கின்றார். தலவாக்கலைப் பக்கம் 97 மீற்றர் உயர டெவன், 80 மீற்றர் உயரத்தில் அகன்று விழும் சென்கிளயர். சென்கிளயரைச் சின்ன நயாகரா என்பார்கள். மேல் கொத்மலை மின்திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கிய பின் ஆற்று நீரின் பெரும்பகுதி சுரங்கத்தினூடாகப் போகின்றது. பார்ப்போருக்கென்று பகலில் ஓரளவு நீர் விடுகின்றார்கள். எமது வீட்டு விளக்கெரிய அந்த அருவி மெலிந்தது என்று தையற்கார அக்கா சொன்னார்.

டன்சினன் தோட்டத்தில் இந்திய உதவியுடன் கட்டிய 404 தனிவீடுகள் 2018 ஆகஸ்டில் கையளிக்கப்பட்டன. முன்னால் செவ்வந்தியும் கறிவேப்பிலையும் நட்டிருந்தார்கள். சற்றுத் தூரம் நடந்தால் மறுபடி லயங்கள். பிரான்ஸில் நூறாண்டுக் கல்வீடு என்றால் மரபுரிமை என்று பாதுகாக்கின்றார்கள். எமது லயங்களுக்கும் நூறாண்டு ஆகின்றது. ஆனால் அவற்றின் தகரக்கூரையின் கீழ், ஓர் அறையும் இஸ்தோப்புமாக, மூன்று தலைமுறை வாழ்ந்துகொண்டிருக்கின்றது. தயவுசெய்து வாசலில் காயும் துணிகளையும் குளிக்கும் பிள்ளைகளையும் கேளாமல் படம் எடுக்காதீர்கள். வெளிநாட்டவர் பலர் கேட்டே எடுக்கின்றார்கள். எம்மவர்தான் கேட்பதில்லை.

இன்னொன்றையும் வெளிப்படையாக எழுத வேண்டும். வழியில் கழிப்பறை கிடைப்பது அரிது. எமக்கு அது ஒரு நாள் சிரமம். தேயிலை மலையில் எட்டு மணிநேரம் நிற்கும் பெண்களுக்கு அது ஆயுள் முழுவதும். தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அதனால் வரும் சிறுநீர்த் தொற்றைப் பற்றித் தாதி அவர்களோடு நெடுநேரம் பேசினார். நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாவாகவும் 2024இல் 1350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. ஆனால் சொன்ன நிறை சேராவிட்டால் அரைப்பேர்தான் விழும். நாங்கள் கண்ட ஒரு தோட்டத்தில் ஒரு பெண் தன் இஸ்தோப்பில் வாங்கு போட்டு ரொட்டியும் கட்டைச்சம்பலும் பிளேன்ரீயும் விற்றார். நடப்போர் வரும் நாளில் மலைக்குப் போவதைவிட மிஞ்சுகின்றது என்றார். ஆகவே பிஸ்கட்டும் போத்தல் தண்ணீருமாக எல்லாவற்றையும் கொழும்பிலிருந்து சுமந்து போகாதீர்கள். அங்கே வாங்கிச் சாப்பிடுங்கள்.

போக விரும்புவோருக்குச் சில குறிப்புகள். ஜனவரி முதல் மார்ச் வரை கண்டி, ஹற்றன் பக்கம் மழை குறைவு. அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் எடுத்துச் செல்லுங்கள். நீளக் காற்சட்டை அணியுங்கள். அந்தந்த ஊரவர் ஒருவரை வழிகாட்டியாக அழைத்துச் சென்றால் அவருக்கும் வருமானம், எமக்கும் துணை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் மலைநாடெங்கும் மண் சரிந்தது, உயிர்களும் வீடுகளும் போயின, புகையிரதப் பாதையும் பல இடங்களில் உடைந்தது. எனவே எந்தப் பகுதி திறந்திருக்கின்றது, பஸ் எதுவரை போகும் என்பதை முன்கூட்டியே விசாரியுங்கள். எமது அடுத்த நடை நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவை வரை. ஆசிரியை இப்போதே புதுச் சப்பாத்து வாங்கிவிட்டார்.