எல்டிசியில் இல்லாத ஊர்

நெய்வேலியில் வளர்ந்த யாரிடமும் கேட்டுப் பாருங்கள், அவர்கள் இந்தியாவைப் பார்த்தது எல்டிசியில்தான். சில வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு ஊர் சுற்றிவர வேலை பார்க்கும் இடத்தில் தருகிற பயணச் சலுகை அது. பள்ளிக்கூடம் லீவு விட்டால் எங்கள் வட்டத்தில் ஒரு தெருவே ஆக்ராவுக்கும் ஹரித்வாருக்கும் கிளம்பும். போய்வந்த குவார்ட்டர்ஸ்காரரிடம் அப்பா விசாரித்து டைரியில் எழுதிக்கொள்வார். எந்த ரயில், எந்தச் சத்திரம், தயிர் எங்கே கிடைக்கும். நாங்கள் டெல்லி போனபோது செங்கோட்டையைவிட அந்த டைரியைத்தான் அப்பா அதிக நேரம் பார்த்தார் என்று அம்மா இன்னும் சொல்வாள்.

அந்த டைரிகளில் இல்லாத ஊர் ஒன்றுக்கு இந்த மே மாதம் அவர்களைக் கூட்டிப்போகிறேன். எனக்கே சீனா முதல் தடவை. அவர்கள் இரண்டு பேருக்கும் வெளிநாடே முதல் தடவை. நான் சிங்கப்பூர் என்றுதான் ஆரம்பித்தேன். போர்டில் தமிழ் இருக்கும், இட்லி கிடைக்கும். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்: "சீனாவுல தமிழ்க் கல்வெட்டு ஒண்ணு இருக்காமே. அதப் போயி பாக்க முடியுமாடா?"

முடியும். சீனாவின் தென்கிழக்குக் கரையில் சுவான்சோ என்ற துறைமுக நகரம். அரேபியர்கள் சைத்தூன் என்பார்கள். மார்க்கோ போலோவும் இபின் பதூதாவும் வாயைப் பிளந்து எழுதிய ஊர். குப்ளாய் கான் ஆண்ட காலத்தில், 1281 சித்திரை மாதம், சம்பந்தப் பெருமாள் என்பவர் கானின் ஆணையோடு அங்கே ஒரு சிவனைப் பிரதிஷ்டை செய்தார். கானின் உடல்நலத்துக்காக. அதைச் சொல்லும் கல்வெட்டு தமிழில் இருக்கிறது, கடைசியில் கொஞ்சம் சீன எழுத்து. இன்று சுவான்சோவில் 80 லட்சம் பேருக்கு மேல் வசிக்கிறார்கள். 2021-ல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

ஆக, ஊர் முடிவாகிவிட்டது. அடுத்து தேதி. நமக்குக் கோடை விடுமுறை என்றால் ஏப்ரல், மே. சீனாவில் பள்ளிகள் மூடுவது ஜூலை, ஆகஸ்டில். அப்போது அந்த நாடே ரயிலில் இருக்கும், தென்கிழக்குக் கரையில் புயலும் சேர்ந்துகொள்ளும். நம் கோடைதான் நமக்கு வசதி. ஆனால் மே 1 முதல் 5 வரை அங்கே தொழிலாளர் தின விடுமுறை, கூட்டம் தாங்காது. குவாங்சோவில் 1957 முதல் நடக்கிற கேன்டன் வர்த்தகக் கண்காட்சி ஏப்ரல் நடுவில் தொடங்கி மே முதல் வாரம்வரை ஓடும், ஹோட்டல் வாடகை எகிறிவிடும். மே 8-க்கு மேல் கிளம்பினால் இரண்டும் முடிந்திருக்கும். மழை இருக்கும், குடை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். நெய்வேலி வெயிலில் சுரங்கத்துக்குள் முப்பது வருஷம் பக்கெட் வீல் மெஷின் ஓட்டியவருக்கு மழை ஒரு பிரச்சனையா?

குவாங்சோ ஏன் வருகிறதென்றால் விமானம் அங்கேதான் இறங்குகிறது. 2020-ல் நின்றுபோன இந்திய சீன நேரடி விமானங்கள் 2025 அக்டோபர் 26-ல் கொல்கத்தா குவாங்சோ வழியில் மீண்டும் தொடங்கின. சென்னையிலிருந்து கொல்கத்தா போய் மாறிக்கொள்ளலாம். குவாங்சோவில் இறங்கி அதிவேக ரயிலில் சுவான்சோ. ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டு பெயருக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான், டிக்கெட் போடும்போது ஒவ்வொரு எழுத்தாகப் பார்க்க வேண்டும். ரயில் டிக்கெட் 15 நாள் முன்னால்தான் திறக்கும். காகித டிக்கெட் இல்லை, பாஸ்போர்ட்தான் டிக்கெட். பல நாட்டவருக்குச் சீனா தருகிற 240 மணி நேர விசா இல்லாத டிரான்சிட் வசதி இந்தியர்களுக்குக் கிடையாது. விசா வேண்டும். சென்னையில் சீனத் தூதரகம் இல்லை என்பதால் அந்த வேலைக்கு மட்டும் ஷீட்டில் ஒரு மாதம் ஒதுக்கியிருக்கிறேன்.

பணம், போன், சோறு மூன்றுக்கும் தனித்தனி வரி. அலிபே ஆப்பில் நம் விசா, மாஸ்டர்கார்டைச் சேர்த்துவிடலாம், 200 யுவானுக்குக் குறைந்த செலவுக்குக் கூடுதல் கட்டணம் இல்லை. வாட்ஸப்பும் கூகுளும் அங்கே ஓடாது, நம்மூர் சிம்மை ரோமிங்கில் வைத்திருந்தால் ஓடும். அம்மா சைவம். 'வோ ச்சி சூ', நான் சைவம் சாப்பிடுகிறவள். இந்த மூன்று சொல்லை அவள் இட்லிக்கு மாவரைக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்க்கிறாள். பௌத்தக் கோயில்களை ஒட்டிச் சைவச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கும் என்றதும் அவளுக்குப் பாதி பயம் போய்விட்டது. மீதிப் பாதிக்குப் புளிக்காய்ச்சல்.

இதெல்லாம் சுலபமான பகுதி. எதை விடுவது என்பதுதான் கஷ்டம். ஆறு நாளில் குவாங்சோவில் மட்டும் இருபது இடம் போட்டிருந்தேன். 600 மீட்டர் உயரக் கேன்டன் கோபுரம், முத்து ஆற்றில் ராத்திரி படகு, சென் குல மண்டபம், இன்னும் என்னென்னவோ. அப்பாவுக்கு வயது 66, இரண்டு முட்டியும் தேய்ந்திருக்கிறது. காலையில் ஒன்று, மதியம் தூக்கம், சாயங்காலம் ஒன்று. அந்தக் கணக்கில் இருபது ஐந்தாகச் சுருங்கும். எந்த ஐந்து?

ஷீட்டை அப்பாவிடம் காட்டினேன். கோபுரத்தைத் தாண்டிப் போனார், படகைத் தாண்டிப் போனார். சுவான்சோ வரியில் விரல் நின்றது. "அந்தக் கோயில் இப்ப இருக்கா?"

"இல்லப்பா. யுவான் ஆட்சி முடியற சமயத்துல நடந்த சண்டையில எல்லாம் போச்சு."

"கோயிலே இல்லன்னா கல்லு மட்டும் எப்படிடா இருக்கு?"

நான் படித்ததைச் சொன்னேன். இடிந்த கோயிலின் கற்களை மதில் கட்டவும் வேறு கட்டடங்களுக்கும் எடுத்துக்கொண்டார்கள். 686-ல் தொடங்கிய கையுவான் பௌத்தக் கோயிலின் பின்பக்கம் இரண்டு தூண்கள் நிற்கின்றன, அவற்றில் நரசிம்மரும் கண்ணனும். இருபதாம் நூற்றாண்டில் பழைய மதில்கள் இடிபட்டபோது கற்கள் வெளியே வந்தன. ஊ வென்லியாங் என்ற உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் அவற்றைத் தேடித்தேடிச் சேர்த்தார். 1957-ல் நூலாகப் போட்டார், சேர்த்த கற்களை அரசிடம் கொடுத்தார். கடல்சார் அருங்காட்சியகத்தில் லிங்கத்தை யானை பூஜிக்கிற சிற்பம்கூட இருக்கிறது. "திருவானைக்கா!" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. தாத்தாவின் ஊர் இன்று வரைபடத்தில் கிடையாது. அந்த இடத்தில் சுரங்கம். அப்பா மெஷின் ஓட்டியதும் அதே மண்ணில்தான். "எங்க ஊரு அய்யனார மாட்டு வண்டியில ஏத்தி, மேல துணி போத்திக் கொண்டாந்தாங்க. குதிரய கொண்டார முடியல" என்றார். இத்தனை வருஷத்தில் அந்தக் குதிரையைப் பற்றி அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, ஆர்ச் கேட்டுக்கு வெளியே வீடு கட்டி வந்தபோதும் அவர் எதுவும் சொல்லவில்லை. நெய்வேலியில் எங்களுக்கு எல்லா வீடும் திருப்பிக் கொடுக்க வேண்டிய வீடுதான்.

அன்றைக்கு ராத்திரி ஷீட்டைத் திறந்து கோபுரத்தை அழித்தேன். குவாங்சோவில் இரண்டே இடம். அம்மாவுக்காகப் படகு. இந்தியாவிலிருந்து வந்த போதிதர்மர் கரையிறங்கிய இடம் என்று மரபில் சொல்லப்படும் ஹுவாலின் கோயில். மீதி மூன்றும் சுவான்சோ பக்கம். கையுவான் தூண்கள், அருங்காட்சியகம், கடைசியில் ஷியாமென். தமிழ்க் கல்வெட்டு இப்போது இருப்பது அந்தப் பக்கத்து நகரத்தின் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில்தான். அந்தக் கல்லும் தன் ஊரில் இல்லை.

இன்னொன்றும் உறைத்தது. ராஜராஜன் அனுப்பி 1015-ல் சீனா போய்ச்சேர்ந்த தூதுக்குழுவுக்கு வழியில் மூன்று வருஷத்துக்கு மேல் ஆனதாகச் சீனப் பதிவுகள் சொல்கின்றன. கப்பல்கள் தென்மேற்குக் காற்றில் போய் வடகிழக்குக் காற்றில் திரும்பிய காலம். நம் கோடை முடிவில்தான் அந்தக் காற்று தொடங்கும். சம்பந்தப் பெருமாள் சித்திரையிலேயே அங்கே கோயில் பிரதிஷ்டை செய்கிறார் என்றால், குறைந்தது முந்தைய வருஷக் காற்றிலாவது வந்திருக்க வேண்டும். சுற்றிப் பார்க்க வந்தவர் இல்லை, குடியிருந்தவர். தங்கிவிட்ட ஊரில் தனக்கொரு சாமி வேண்டும் என்று நினைத்திருக்கிறார்.

அப்பா இப்போது புது டைரி வாங்கியிருக்கிறார். ரயில் நேரங்களை என் ஷீட்டைப் பார்த்துப் பேனாவால் எழுதிக்கொள்கிறார். சீன நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் என்பதால் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நம்மூர் நேரம். வேலையில் நான் போடுகிற எந்தத் திட்டத்திலும் கொஞ்சம் பஃபர் வைப்பேன். இந்த ஷீட்டில் ஷியாமென் நாளில் கல்வெட்டுக்கு எதிரே நேரம் என்ற கட்டத்தை மட்டும் நிரப்பவில்லை. அந்தக் கல் முன்னால் அப்பா எவ்வளவு நேரம் நிற்பாரோ, அவ்வளவு நேரம்.