பாமணி ஆற்றங்கரையில் ஓர் ஆயில் எஞ்சின்

மே மாதக் கடைசியில் நீடாமங்கலம் வழியாக மன்னார்குடிக்குப் போகிறவர்கள் கண்ணுக்கு ஆறு என்று தெரிவது மணல்தான். நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. ஷட்டர்கள் இறங்கிக் கிடக்க, கீழே பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்தாலும், தண்ணீர் கல்லணைக்கு வந்து, அங்கிருந்து வெண்ணாற்றில் பிரிந்து, கிளை வாய்க்கால்களைத் தாண்டி வயலுக்கு வந்து சேரப் பல நாட்கள் ஆகும். குறுவை அதுவரை காத்திருக்காது. 110 நாள் நெல்லை ஜூன் தொடக்கத்தில் விதைத்தால் செப்டம்பர் பிற்பகுதியில் அறுத்துவிடலாம். மூன்று வாரம் தள்ளிப்போனால் அறுவடை அக்டோபர் மழையில் மாட்டிக்கொள்ளும்.

ஆகவே நாற்றங்காலுக்கு நிலத்தடி நீர்தான். மின் இணைப்பு உள்ளவர்களுக்கு மோட்டார் இருக்கிறது. இணைப்புக்கு எழுதிப்போட்டுக் காத்திருப்பவர்களுக்கு ஆயில் எஞ்சின். மன்னார்குடியைத் தாண்டிப் பாமணி ஆற்றங்கரையோடு தெற்கே போனால், பருத்திக் காடுகளுக்கு நடுவில் தென்னங்கீற்றுக் கொட்டகை ஒன்று, அதற்குள் 5 குதிரைத் திறன் எஞ்சின் ஒன்று, பக்கத்தில் பில்டர் பாயிண்ட் குழாய் என்று அங்கங்கே காணலாம்.

அப்படி ஒரு கொட்டகையில் இருக்க வேண்டிய எஞ்சின், இந்த ஆண்டு மே மாதம் ஒரு வீட்டுத் திண்ணையில் பிரித்துப் போட்டுக் கிடந்தது. பழைய போஸ்டர் பேனர் மேல் போல்ட்டுகள் வரிசையாக இருந்தன. ஹெட்டைக் கழற்றியாகிவிட்டது. பக்கவாட்டுக் கதவைத் திறந்து கனெக்டிங் ராடின் அடிமூடியும் எடுத்தாகிவிட்டது. லைனரின் மேல் விளிம்பில் படிந்திருந்த கரியை முதலில் சுரண்டிவிட்டுத்தான் பிஸ்டனை மேலே தள்ளியிருந்தார்கள். அதைச் சுரண்டாமல் தள்ளினால் ரிங் மாட்டி உடையும். பிஸ்டனும் ராடும் சேர்ந்தபடி மரக்கட்டை மேல் இருக்க, அப்பாவும் மகனும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவுக்கு அறுபதைத் தாண்டிய வயது. மகன் ஐ.டி.ஐ.யில் படித்துவிட்டு விவசாயத்துக்குத் திரும்பியவர்.

அவர்கள் இதைப் பட்டறைக்குக் கொண்டுபோகாததற்குக் காரணம் உண்டு. போன ஆண்டு இதே சமயம் எஞ்சின் மெதுவாக ஓடும்போது உலோகத்தில் இரட்டைத் தட்டு தட்டுவது போல ஒரு சத்தம் வந்தது. பிஸ்டன் பின்னும் அது சுழலும் புஷ்ஷும் தேய்ந்தால் வருகிற சத்தம் அது. ஒரு பட்டறையில் கொடுத்துச் சரிசெய்து வாங்கி வந்தார்கள். எட்டாம் நாள் எஞ்சின் கிறீச்சென்று நின்றது. திறந்து பார்த்தால் பின்னைக் காக்கும் சர்க்கிளிப் ஒன்று காடியை விட்டு வெளியே வந்து, பின் ஒரு பக்கமாக நகர்ந்து, லைனரில் மேலிருந்து கீழாக ஓர் உழவுசால் போட்டிருந்தது. கழற்றிய பழைய சர்க்கிளிப்பையே திரும்ப மாட்டியிருந்தார்கள். லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் புதிதாக வாங்க வேண்டியதாயிற்று. அதைவிடப் பெரிய நஷ்டம், எட்டு சென்ட் நாற்றங்கால் வெடித்துக் காய்ந்தது. அந்த ஒரு ஏக்கரில் குறுவை போயே போய்விட்டது, சம்பா மட்டும்தான்.

இந்த ஆண்டு மறுபடியும் அதே இரட்டைத் தட்டு. அந்த அவசரத்தில் போன ஆண்டு புஷ்ஷை யாரும் பார்க்கவே இல்லை என்பது இப்போது தெரிந்தது.

மகன் முதலில் செய்தது குறியிடுவது. தங்கையின் நகப்பாலிஷை வாங்கி, பிஸ்டன் தலையில் எந்தப் பக்கம் டீசல் தெளிக்கும் இன்ஜெக்டர் பக்கம் என்று ஒரு புள்ளி, ராடில் அதே பக்கம் ஒரு புள்ளி. போனில் ஒரு படமும் எடுத்துக்கொண்டார். பிஸ்டனைத் திருப்பி மாட்டிவிட்டால், தலையில் உள்ள குழி தெளிப்புக்கு நேராக வராமல் எஞ்சின் புகை கக்கும். உளியால் குறி வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அலுமினியப் பிஸ்டனில் அது கூடவே கூடாது.

அடுத்து சர்க்கிளிப். பின்னின் இரண்டு முனையிலும் ஒவ்வொன்று, காடிக்குள் விரிந்து உட்கார்ந்திருக்கும் எஃகு வளையம். சர்க்கிளிப் பிளேயரால் ஒன்றைப் பத்திரமாக எடுத்தார். இரண்டாவது, பிளேயரை விட்டு நழுவி, ‘டிங்’ என்று பறந்தது. கண்ணில் படாமல் போனது நல்ல காலம். இந்த வேலைக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். அப்பா, “போகட்டும் விடு, புதுசுதானே போடப்போறோம்” என்றார். உள்ளேயிருந்து வந்த அம்மா விடவில்லை.

“வைக்கப்போர் பக்கம்தாங்க போச்சு. மாடு தின்னா என்ன ஆகும்?”

அம்மா சொன்னதுதான் சரி. மாடு வைக்கோலை மென்று பார்த்துத் தின்பதில்லை, வாரி விழுங்கிவிடும். கம்பி, ஆணி போன்றவை இரண்டாம் வயிற்றில் தங்கி, வயிற்றுச் சுவரைக் குத்திக்கொண்டு முன்னே நகர்ந்தால் அடுத்து இருப்பது இதயம். தீவனம் எடுக்காமல், முதுகை வளைத்து நின்று, மேடு பள்ளம் இறங்கத் தயங்கும் மாட்டுக்கு இந்தக் கோளாறு இருக்கலாம் என்று கால்நடை மருத்துவர்கள் சந்தேகிப்பார்கள். திண்ணையில் எஞ்சின் பிரிப்பவர்கள் தொழுவத்தைப் பார்த்து உட்காரக் கூடாது. மகன் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை எடுத்துவந்து கயிற்றில் கட்டி வைக்கோலில் துழாவினார். முக்கால் மணி நேரம் போனது. கடைசியில் காந்தத்தில் சர்க்கிளிப்போடு, என்றைக்கோ விழுந்த இரண்டு லாட ஆணிகளும் ஒட்டிக்கொண்டு வந்தன.

வேலை மறுபடி பின்னுக்கு வந்தது. அப்பா சுத்தியலையும் ஒரு இரும்புத் தண்டையும் எடுத்தார்.

“ரெண்டு தட்டு தட்டினா வந்துடும்டா.”

“வேணாம்ப்பா. அடி பின்னோட நிக்காது, ராடுக்குப் போயிடும்.”

இங்கேதான் பெரும்பாலான வீட்டு ரிப்பேர்கள் கெடுகின்றன. பிஸ்டன் அலுமினியக் கலவை. பக்கவாட்டில் மெல்லிய சுவர். கட்டாந்தரையில் வைத்து அடித்தால் சுவர் வட்டம் கெடும். ராடு இம்மி வளைந்தாலும் பிஸ்டன் சாய்ந்து ஓடி லைனரை ஒரு பக்கமாகத் தின்றுவிடும். அடித்தவருக்கு அன்றைக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த கோடையில் தெரியும்.

சூடுதான் வழி. ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிகிறது. 25 மி.மீ. துளையுள்ள பிஸ்டனைக் கொதிநீர்ச் சூட்டுக்குக் கொண்டுவந்தால் துளை 0.03 முதல் 0.04 மி.மீ. வரை பெரிதாகும். தலைமுடியின் கனம்கூட இராது. ஆனால் இறுகிய பின் கட்டைவிரலுக்கு அசைய அது போதும். பழைய மாடல் எஞ்சின்கள் சிலவற்றில் வார்ப்பிரும்புப் பிஸ்டன் இருக்கும். அது எஃகைப் போலவே விரிவதால் அங்கே இந்த உத்தி அவ்வளவாக உதவாது. கார்களில் பின்னை ராடிலேயே அழுத்திப் பொருத்தியிருக்கும் வகையும் உண்டு. அதை வீட்டில் தொடவே வேண்டாம், பிரஸ் உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும்.

பாத்திரம் கேட்டபோது வீட்டில் ஒரு சிறு சண்டை. இட்லிப் பானையைத் தர அம்மா மறுத்துவிட்டார். மாட்டுக்குத் தவிடு காய்ச்சும் குண்டான்தான் கிடைத்தது. சிலர் எண்ணெயில் சுட வைப்பார்கள். விறகடுப்பில், திறந்த பாத்திரத்தில் எண்ணெய் வைப்பது ஆபத்து, கொதிநீர் போதும். அதற்கு முன் பிஸ்டனில் ஒட்டியிருந்த டீசலைச் சுத்தமாகத் துடைத்து, சர்க்கிளிப் காடியில் இருந்த கரியை மூங்கில் சிம்பால் நோண்டி எடுத்தார்கள். அந்தக் கரி இருந்தால் எவ்வளவு சுட்டாலும் பின் அங்கே வந்து முட்டி நிற்கும்.

பதினைந்து நிமிடம் கொதித்த பிறகு சாக்கால் பிடித்து எடுத்து, பின்னைவிடச் சற்று ஒல்லியான மரக் குச்சியை வைத்து மகன் தள்ளினார். பாதி வந்து நின்றது. அப்பாவின் கை சுத்தியலைத் தேடியது. மகன் நீளமான போல்ட் ஒன்றைப் பின்னின் நடுத்துளையில் நுழைத்தார். பின் வெளியே வரும் பக்கம், அதைவிடப் பெரிய வாயுள்ள குழாய்த் துண்டு ஒன்றைத் துணி சுற்றிப் பிஸ்டனில் நிறுத்தி, அதற்கு மேல் தடித்த வாஷரும் நட்டும். எதிர் முனையில் துளைக்குள் நுழையக்கூடிய சின்ன வாஷர். நட்டை முடுக்க முடுக்க, அடியே இல்லாமல் பின் குழாய்க்குள் வந்து விழுந்தது.

அப்பா அதை எடுத்து நகத்தால் தடவினார். நடுவில், புஷ் தேய்த்த இடத்தில், நகம் தட்டியது. “படி விழுந்திருக்கு” என்றார். அதற்குப் பிறகு அவர் சுத்தியலைத் தேடவில்லை.

மறுநாள் ராடை எடுத்துக்கொண்டு இருவரும் மன்னார்குடிக்குப் போனார்கள். ஹரித்ரா நதித் தெப்பக்குளத்தைச் சுற்றிக்கொண்டு போய், சந்துக்குள் இருக்கும் லேத்துப் பட்டறையில் கொடுத்தார்கள். மே மாதத்தில் அங்கே வரிசைதான். தரையெல்லாம் பம்ப் ஷாஃப்ட்டும் டிராக்டர் சாமானும். மேஸ்திரி பழைய புஷ்ஷை அழுத்தி வெளியே எடுத்து, வெண்கலப் புஷ் ஒன்றை ஏற்றினார். புஷ்ஷின் எண்ணெய்த் துளையும் ராடின் எண்ணெய்த் துளையும் ஒன்றாக இருக்கிறதா என்று கம்பி விட்டுப் பார்த்தார். துளை மறைந்தால் புஷ் சீக்கிரமே கருகிவிடும். பிறகு கடையில் வாங்கிய புதுப் பின்னைக் கேட்டு வாங்கி, அதற்கேற்பத் துளையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவினார். பின் இல்லாமல் ராடை மட்டும் கொண்டுபோனால் இந்த வேலை குத்துமதிப்பாகத்தான் முடியும்.

எண்ணெய் தடவிப் பின்னை விட்டுக் காட்டினார். “பாருங்க தம்பி, தானா விழக் கூடாது, தட்டி ஏத்தவும் கூடாது. கட்டைவிரலுக்குப் போகணும். இப்படி அப்படி ஆட்டினா ஆடக் கூடாது.”

ராடு வளைந்திருக்கிறதா என்றும் அங்கேயே பார்த்துவிட்டார்கள். நேராகவே இருந்தது. கடையில் புதுச் சர்க்கிளிப் நான்கு வாங்கினார் மகன். “ரெண்டுதானே வேணும்?” என்று அப்பா கேட்டதற்கு, “ஒண்ணு பறக்கும்ப்பா” என்றார்.

மாட்டுவது கழற்றுவதைவிடச் சுலபம், ஆனால் நேரம் குறைவு. ஒரு சர்க்கிளிப்பை முன்னமே காடியில் மாட்டியாகிவிட்டது; பின் அதில் போய் முட்டி நின்றால் இடம் சரி. பின்னைப் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் இரவே வைத்திருந்தார்கள். குண்டானில் பிஸ்டன் கொதித்தது. எடுத்துத் துடைத்து, எண்ணெய் தடவி, நகப்பாலிஷ் புள்ளிகள் ஒரே பக்கம் இருக்கும்படி அப்பா ராடைப் பிடிக்க, மகன் பின்னை விட்டார். பிஸ்டன் துளையில் வழுக்கிக்கொண்டு போனது. புஷ் வாயில் நேராகப் பிடிக்காததால் நின்றது. சரிசெய்வதற்குள் குளிர்ந்த பின் பிஸ்டனின் சூட்டை வாங்கிக்கொண்டு இறுகிவிட்டது.

ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை.

“அதான் அடுப்பு எரியுதே, திரும்பப் போட வேண்டியதுதானே” என்றார் அம்மா.

ராடோடு சேர்த்து மறுபடி குண்டானில் இறக்கினார்கள். இந்த முறை அப்பா ராடை ஒரு கண்ணை மூடிப் பார்த்து நேராகப் பிடித்தார். உள்ளங்கையால் ஒரு அழுத்து. எதிர்ப்பக்கச் சர்க்கிளிப்பில் ‘டக்’கென்று போய் நின்றது. இரண்டாவது சர்க்கிளிப்பை மாட்டி, ஸ்க்ரூ டிரைவர் முனையால் காடிக்குள்ளேயே அதைச் சுற்றிப் பார்த்தார் மகன். முழுச் சுற்றும் காடியில் உட்கார்ந்தால்தான் அது அப்படி வழுக்கிச் சுற்றும். இரண்டின் வாயும் பிஸ்டன் தலையைப் பார்க்கும்படி நிறுத்தினார். ஆறிய பிறகு பிஸ்டனைத் தூக்கிப் பிடித்தால் ராடு தன் எடையில் ஊஞ்சல் போல ஆடியது. பிஸ்டன் துளையில் பின் இறுக்கமாக இருக்கலாம். ராடு ஆடியே ஆக வேண்டும்.

மிச்சத்தை மாலைக்குள் முடித்தார்கள். ரிங்குகளின் வாய்கள் ஒன்றுக்கொன்று நேராக வராமல் தள்ளி வைத்து, லைனருக்குள் இறக்கி, அடிமூடியின் எண்களைப் பார்த்து முடுக்கினார்கள். பழைய எண்ணெயை வடித்துப் புதிது ஊற்றினார்கள்.

கொட்டகையில் ஹேண்டிலைப் போட்டு மகன் சுற்ற, மூன்றாவது முறை எஞ்சின் பிடித்தது. அப்பா ஸ்க்ரூ டிரைவரின் நுனியைப் பிளாக்கில் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக் கேட்டார். வேகத்தைக் குறைக்கச் சொன்னார். இன்னும் குறைக்கச் சொன்னார். இரட்டைத் தட்டு இல்லை.

அரை மணி நேரம் சும்மா ஓடவிட்டு, நிறுத்தி, போல்ட்டுகளைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் பம்ப் பெல்ட்டை மாட்டினார்கள். நாற்றங்காலில் தண்ணீர் பரவும்போது கொக்குகள் வந்துவிட்டன. விதைநெல்லை அன்று இரவே ஊறப்போட அம்மா சாக்கை எடுத்து வைத்திருந்தார். அப்பா வேண்டாம் என்றார். இரண்டு நாள் எஞ்சின் ஓடட்டும், மூன்றாம் நாள் ஊறப்போடலாம் என்றார்.